பழைய ஆங்கிலச் செய்தித்தாளில் 'செட்' வரும்போது: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்ட இப்போது லண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டியதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா', ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' மூன்றும் இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணம் கேட்கும். ஆய்வு மாணவர்கள், உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள், தாத்தா வேலை பார்த்த கப்பல் கம்பெனியைத் தேடுபவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இவற்றில் நுழைகிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் உள்ளே போய்த் தடுமாறுவதுண்டு. அதற்குக் காரணம் கடினமான சொற்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு அகராதி இருக்கிறது. ஆளைக் கவிழ்ப்பது ஒன்றாம் வகுப்பில் படித்த 'சே' என்ற வினைதான். 'சொல்', 'சொன்னார்' என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். பழைய நிருபர்களோ அந்த ஒரு சொல்லை வைத்து ஏகப்பட்ட காரியம் செய்திருக்கிறார்கள்.

ஒரு பழைய செய்தியை எடுத்தால் அதில் வரும் 'சே', 'சேஸ்', 'செட்' ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம். (கடந்த கால வடிவத்தை எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதி 'செட்' என்றுதான் உச்சரிப்பார்கள். பொருட்களின் 'செட்'டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதலில், அது 'செட்' தானா என்று பாருங்கள்

18ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் எழுத்திலேயே சிக்கல் உண்டு. அக்காலத்தில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ்ஸை நீளமாக, எஃப் போலவே அச்சிட்டார்கள். படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவைக்கும். ஆகவே 'செட்' தேடினால் கிடைக்காத செய்தி, எஃப்-ஏ-ஐ-டி என்று போட்டால் கொட்டும். 1800ஐ ஒட்டி இந்த நீள எஸ் வழக்கொழிந்தது. 1780ஐத் தேடுகிறீர்கள் என்றால் இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள். 1830 என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

அடுத்து, எல்லா 'செட்'டும் வினையில்லை. சட்ட அறிவிப்பு, ஏல விளம்பரம், ஓடிப்போன வேலையாளைத் தேடும் விளம்பரம் ஆகியவற்றில் 'த செட் ஜான்', 'த செட் ஹவுஸ்' என்று வரும். நம் பத்திரங்களில் வருகிற 'மேற்படி', 'மேற்படியார்' இருக்கிறதே, அதேதான். அங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. சந்தைப் பக்கத்தில் வேறொரு கூத்து: ஓர் எண்ணுக்குப் பின்னால் 'சே' வந்து இன்னோர் எண் நிற்கும். இத்தனை பொதி பஞ்சு, 'சே' இத்தனை பவுண்டு எடை என்று. 'அதாவது', 'ஏறத்தாழ' என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

எழுவாயைப் பிடியுங்கள்

யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு மனிதப் பெயர் கிடைத்தால் நல்லது. பல நேரம் கிடைக்காது. அங்கேதான் வேலை தொடங்குகிறது.

'எ டிஸ்பாட்ச் ஃப்ரம் பாரிஸ் சேஸ்' என்றால் சொல்வது தந்தி. 'எ லெட்டர் ஃப்ரம் காடிஸ் சேஸ்' என்றால் கடிதம். இப்படி எழுதப்பட்ட பொருள் எழுவாயாக வந்தால் பெரும்பாலும் நிகழ்காலத்தில் 'சேஸ்' போடுவார்கள். தாள் மேசைமேல் இன்னும் கிடக்கிறது, சொல்லிக்கொண்டே இருக்கிறது என்ற கணக்கு. அந்த நிகழ்காலத்தை நம்பி, சம்பவம் நேற்றுதான் நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. டிராஃபல்கர் கடற்போர் நடந்தது 1805 அக்டோபர் 21இல். அந்தச் செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தது நவம்பர் 6 அதிகாலையில். பத்திரிகையின் தேதி, கடிதத்தின் தேதி, சம்பவத்தின் தேதி மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1780இல் கல்கத்தாவில் ஹிக்கி என்ற ஆங்கில அச்சுக்காரர் தொடங்கிய 'பெங்கால் கெஜட்' போன்ற தாள்களில் இந்த இடைவெளி பல மாதம். ஐரோப்பாச் செய்தி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வர வேண்டும். 1870இல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயைத் தொட்ட பிறகே, லண்டன் 'சொல்வது' இந்தியத் தாளில் சூட்டோடு வரத் தொடங்கியது.

சரி, 'அன் எக்ஸ்சேஞ்ச் சேஸ்' என்று ஒரு வரி வருகிறது. பங்குச் சந்தையா, தொலைபேசி நிலையமா? இரண்டும் இல்லை. இன்னொரு பத்திரிகை! அமெரிக்காவில் 1792ஆம் ஆண்டுத் தபால் சட்டம், பத்திரிகைகள் தங்களுக்குள் பிரதிகளைத் தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ள வழிசெய்தது. சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து, வந்த தாள்களிலிருந்து வெட்டி ஒட்டியே பாதிப் பக்கத்தை நிரப்பிவிடுவார். அப்படி வரும் தாளுக்கே 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். பிரிட்டிஷ் தாள்களில் இதே இடத்தில் 'அவர் கன்டெம்பரரி சேஸ்' என்று வரும். சக பத்திரிகை, பெரும்பாலும் போட்டிப் பத்திரிகை. இந்த இரண்டில் எதைக் கண்டாலும், உங்கள் கையில் இருப்பது மூலச் செய்தி இல்லை என்று தெரிந்துகொண்டு, அதில் வரும் ஒரு விசித்திரமான சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுக் காப்பகத்தில் தேடுங்கள். அதே பத்தி ஏழெட்டுத் தாள்களில் கிடைக்கும். தேதியில் முந்தியதைப் பிடித்தால் மூலத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம். ஏழெட்டுத் தாள்களில் வந்ததால் ஏழெட்டுச் சாட்சி என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். ஆய்வேடுகளிலேயே இந்தப் பிழையைப் பார்க்க முடிகிறது.

எழுவாயே இல்லாத 'இட் இஸ் செட்' கடைசி வகை. நம் பத்திரிகைகளின் 'கூறப்படுகிறது', 'தெரியவருகிறது' எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். நிருபருக்கு ஆள் தெரிந்தும் மறைத்திருக்கலாம். வெறும் கடைத்தெருப் பேச்சாகவும் இருக்கலாம். 'இட் இஸ் செட்' போட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருந்தது. ஆங்கிலச் சட்டம் அதை ஏற்கவில்லை. ஒருவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னவரும் பொறுப்பாளிதான். அதனால் இந்தச் சொற்றொடர் வந்த இடத்தில் ஆசிரியர் துணிந்து எழுதினார் என்றோ, பயந்து எழுதினார் என்றோ ஒரே அடியாக முடிவு கட்ட வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று உண்டு. 'வி ஆர் ஆத்தரைஸ்டு டு சே', 'வி ஆர் ரிக்வெஸ்டட் டு சே'. பார்க்க அடக்கமாக இருக்கும். சம்பந்தப்பட்டவரே சொல்லியனுப்பிப் போடவைத்த வரி அது. திருமண நிச்சயம் முறிந்தது, அமைச்சர் ராஜினாமா செய்யவில்லை, வங்கி நொடிக்கவில்லை என்பவை இப்படி வரும். மறுப்பு வந்திருக்கிறது என்றால் அதற்கு முந்தைய நாட்களில் யாரோ எதையோ கிளப்பியிருக்கிறார்கள்; பின்னோக்கித் தேடினால் விஷயம் கிடைக்கும்.

ஒரே ஒரு 'செட்', அதன்பின் முழு நீளப் பேச்சு

அதிகம் பேர் விழும் குழி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் 'என்றார்' வாக்கியத்தின் கடைசியில் வந்து கதவைச் சாத்திவிடும். அதுவரை அவர் பேச்சு, அதன்பின் நிருபரின் பேச்சு. ஆங்கிலத்தில் 'செட்' முன்னால் நிற்கும். 19ஆம் நூற்றாண்டு நாடாளுமன்றச் செய்தியில் அது முன்னால் ஒரே ஒரு முறை வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு தாளின் நெடுவரிசையில் முக்கால் பங்கு ஓடும். மேற்கோள் குறி கிடையாது, இன்னொரு 'செட்' கிடையாது. புதிதாகப் படிப்பவர் இரண்டாம் வாக்கியத்திலிருந்து பத்திரிகையே பேசுகிறது என்று எடுத்துக்கொள்வார். அமைச்சர் தன்னைத் தானே நியாயப்படுத்திப் பேசியதெல்லாம் பத்திரிகையின் தீர்ப்பாகிவிடும்.

கண்டுபிடிக்க வழி, காலத்தைப் பார்ப்பது. அமைச்சர் அவையில், 'நான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. நாளை பதில் சொல்கிறேன்' என்று பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள் (நானே கட்டிய மாதிரிதான்). தாளில் அது 'ஹி ஹேட் நாட் சீன் த லெட்டர். ஹி வுட் ரிப்ளை ஆன் த மாரோ' என்று வரும். 'நான்' போய் 'அவர்' ஆகிவிட்டது. ஒவ்வொரு வினையும் ஒரு படி பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. ஆகவே பத்தி முழுக்க 'ஹேட்', 'வுட்', 'வாஸ்' என்று ஓடினால் அது இன்னும் பேச்சாளரின் வாய்தான். திடீரென்று சாதாரண நிகழ்காலம் தலைகாட்டினால் அங்கே ஆள் மாறியிருக்கலாம். அடைப்புக்குறிக்குள் 'சியர்ஸ்', 'லாஃப்டர்', 'ஹியர், ஹியர்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், அவை நடந்துகொண்டிருக்கிறது.

பேச்சை மீட்டெடுக்க வேண்டுமானால் பென்சிலால் மேலே எழுதுங்கள்: 'அவர்' வருமிடத்தில் 'நான்', 'வுட்' வருமிடத்தில் 'வில்', 'ஹேட் பீன்' வருமிடத்தில் 'வாஸ்'. ஒரு பத்தி செய்தால் கை பழகிவிடும். ஆனால் மீட்டெடுத்ததை மேற்கோள் குறிக்குள் போட்டு 'அவர் சொன்னார்' என்று உங்கள் கட்டுரையில் எழுதக் கூடாது. நிருபர் சுருக்கியதா, அப்படியே கொடுத்ததா என்பது அந்த வடிவத்திலிருந்து தெரியாது. பெரிய தலைவர்களின் பேச்சைத் தன்மையில், 'ஐ' போட்டு, வரிக்கு வரி கொடுப்பதும் சின்ன உறுப்பினர்களைப் படர்க்கையில் நாலு வரியில் முடிப்பதும் வழக்கமாக இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் பொறுப்பில், பேசியதைத் தன்மையில் முழுமையாகப் பதிவுசெய்யத் தொடங்கியது 1909இல்தான்.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 1738இல் பிரிட்டிஷ் மக்களவை, தன் விவாதங்களை அச்சிடுவது உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டது. 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' அதற்குக் கண்டுபிடித்த வழி, 'கலிவரின் பயணங்கள்' கதையில் வரும் கற்பனை நாடான லில்லிபுட்டின் அவையில் நடந்த விவாதம் என்று பெயர் மாற்றிப் போடுவது. 1740களின் தொடக்கத்தில் அவற்றை எழுதியவர் சாமுவேல் ஜான்சன், பின்னால் அகராதி எழுதிப் புகழ்பெற்ற அதே ஜான்சன். அவையில் உட்கார்ந்து கேட்டு எழுதியதில்லை. மற்றவர்கள் கொண்டுவந்த துண்டுக் குறிப்புகளை வைத்து அறையில் உட்கார்ந்து கட்டிய சொற்பொழிவுகள். நடை பிரமாதமாக இருக்கும். இன்னார் சொன்னார் என்பதற்கு ஆதாரமாக மட்டும் காட்டிவிடாதீர்கள். 1771க்குப் பிறகு தடை நடைமுறையில் தளர்ந்தது. சுருக்கெழுத்து தெரிந்த நிருபர்கள் அவைக்குள் பெருகினார்கள். 1830களில் அப்படி அங்கே உட்கார்ந்து எழுதியவர்களில் இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர்.

நீதிமன்றச் செய்தி

இங்கே வேறு மாதிரித் தந்திரம். சாட்சி நீளமாக, கோர்வையாக ஏதோ கதை சொல்வது போலத் தோன்றும். உண்மையில் வக்கீல் கேட்ட கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டு, பதில்களை மட்டும் வரிசையாகக் கோத்திருப்பார்கள். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குகளின் அச்சுப் பதிவுகள் (1674 முதல் 1913 வரை) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சாட்சி திடீரென்று, 'நான் அன்று குடித்திருக்கவில்லை' என்கிறார். யாரும் கேட்காமல் எவராவது அப்படிச் சொல்வாரா? குடித்திருந்தாயா என்று வக்கீல் கேட்டிருக்கிறார். ஒட்டாமல் நிற்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள், பேச்சு உயிர்பெறும்.

நீதிமன்றத்தில் 'செட்'டுக்குப் பதில் 'டிபோஸ்டு' வரும். பதவியிலிருந்து இறக்கியதாக எண்ண வேண்டாம். சத்தியம் செய்து சாட்சி சொன்னார், அவ்வளவே. வாக்குமூலங்களில் 'சேஸ்' என்பதன் பழைய வடிவமான 'செத்'தும் வெகுகாலம் உயிரோடு இருந்தது.

போலீஸ் கோர்ட் துணுக்குகளில் 'செஸ் ஐ', 'செஸ் ஷி' என்று வந்தால் உஷார். ஏழை எளியவர்களின் பேச்சை நிருபர் கிண்டலாக எழுதிக்காட்டுகிறார் என்று அர்த்தம். உச்சரிப்பைத் திருகி எழுதியதில் எவ்வளவு அந்தப் பெண் பேசியது, எவ்வளவு வாசகரைச் சிரிக்கவைக்கச் சேர்த்தது என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட வரியை வைத்து வட்டார வழக்கு ஆய்வு செய்யாமலிருப்பது நல்லது.

மாற்றுச் சொற்கள்

ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்று விக்டோரியா காலத்து நிருபர்களுக்கு ஒரு வெறி. எனவே 'அவெர்டு', 'ஒப்பைன்டு', 'ரிஜாய்ன்டு', 'வவுச்சேஃப்டு' என்று வரிசை கட்டும். எல்லாம் 'சொன்னார்'தான். 'ரிஜாய்ன்டு' என்றால் மறுபடி சேர்ந்துகொள்ளவில்லை, பதிலுக்குச் சொன்னார். 'எஜாகுலேட்டட்' என்பதைப் பார்த்து இன்றைய பொருளில் திடுக்கிட வேண்டாம். சட்டென்று கத்தினார், அவ்வளவுதான். அமெரிக்கத் தெற்கு மாநிலப் பேச்சில் 'அலவ்டு' என்பதும் 'சொன்னார், கருதினார்' என்ற பொருளில் வரும். அனுமதி கொடுத்ததாக எடுத்தால் கதையே மாறிவிடும். 'அட்மிட்டட்' (ஒப்புக்கொண்டார்) மட்டும் வேறு சாதி. அதில் நிருபரின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டால் நின்று பாருங்கள்.

தலைப்பு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தாள்களில் ஒரு செய்திக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு தலைப்பு அடுக்குவார்கள். அவற்றில் எழுவாய் இல்லாமலே 'சேஸ் ஹி வில் நாட் ரிசைன்' என்று ஆரம்பிக்கும் அடுக்கு வரும். யார் என்று தேடி முழிக்க வேண்டாம்; மேல் அடுக்கிலோ கீழ் அடுக்கிலோ பெயர் இருக்கும். அடுக்குகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே மூச்சில் படியுங்கள். வாக்கியத்தைத் தலைகீழாக 'செட் மிஸ்டர் ஸ்மித்' என்று ஆரம்பிக்கும் பழக்கத்தை, 1923இல் தொடங்கிய 'டைம்' வார இதழ் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டது. அதில் ஒளிந்த பொருள் எதுவும் இல்லை, வெறும் ஸ்டைல்.

பேட்டி என்ற வடிவத்துக்கும் ஒரு வார்த்தை. கேள்வி, பதில் என்று வரிசையாக அச்சிடும் பேட்டி பழைய தாள்களில் அபூர்வம். 1859இல் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, மார்மன் என்ற மதப்பிரிவின் தலைவர் பிரிகம் யங்கைச் சந்தித்துக் கேட்டதை அவருடைய 'நியூயார்க் ட்ரிப்யூன்' அப்படி வெளியிட்டது. முழுமையான முதல் பேட்டிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய காலத் தாளில் ஒருவர் நேரடியாக நிருபரிடம் பேசியது போல வந்தால், கடிதமா, கூட்டத்தில் பேசியதா, காதுவழி வந்ததா என்று விசாரியுங்கள்.

இப்போது ஒன்றைச் செய்து பாருங்கள்

காப்பகத்தில் 1912 ஏப்ரல் 15 என்று தேதி போட்டு நியூயார்க் மாலைத் தாள்களைத் திறங்கள். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது ஏப்ரல் 14 இரவு 11.40க்கு; மூழ்கியது 15 அதிகாலை 2.20க்கு. அன்று பிற்பகல் 'ஈவினிங் சன்' தாளின் தலைப்பு, டைட்டானிக்கில் இருந்த அனைவரும் மீட்கப்பட்டனர் என்று சொல்லிற்று. 'வர்ஜீனியன்' என்ற கப்பல் அதை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போவதாகவும் செய்திகள் வந்தன. அந்த நேரத்தில் ஏறத்தாழ 1,500 பேர் இறந்து பல மணி நேரம் ஆகியிருந்தது.

பொய் எழுதினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு 'சேஸ்', 'செட்'டின் கீழும் கோடு போட்டுப் பாருங்கள். வயர்லெஸ் செய்தி 'சொல்கிறது'; யார் அனுப்பிய வயர்லெஸ், எந்தக் கப்பல் வழியாக வந்தது என்று இருக்காது. மாண்ட்ரியாலிலிருந்து வந்த தந்தி 'சொல்கிறது'. அது இன்னொரு தந்தியைச் சொல்கிறது. கப்பல் கம்பெனியின் நியூயார்க் அலுவலகத்தில் பிலிப் ஃபிராங்க்ளின் கப்பல் மூழ்காது என்ற நம்பிக்கையோடு பேசுகிறார். பெயர் உள்ள மனிதர் அவர். ஆனால் அவருக்கும் அப்போது நேரடித் தகவல் கிடையாது. கோடு போட்ட இடம் எதிலும் கப்பலைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுவாயாக இருக்கமாட்டார். பிறகு ஏப்ரல் 19 தாளுக்குப் போங்கள். 18ஆம் தேதி இரவு, பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட 'கார்பேதியா' கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது 'செட்'டுக்கு முன்னால் பிழைத்து வந்தவர்களின் பெயர்கள் நிற்கின்றன. அவர்களிலும் ஒருவர் கண்டதையும் ஒருவர் படகில் கேட்டதையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஆனால் அது வேறு வேலை.

குறிப்பு எடுக்க நான் வைத்துக்கொள்ளும் கட்டம் நான்கு நெடுவரிசை கொண்டது: யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த வழியாகத் தாளுக்கு வந்தது, சொன்ன நாள் எது. முதல் நெடுவரிசையில் 'தந்தி' என்றோ 'எக்ஸ்சேஞ்ச்' என்றோ எழுத வேண்டி வந்தால் சிவப்பு மையில் எழுதுவேன். வினையை அதன் ஆங்கில வடிவத்திலேயே குறித்துவையுங்கள். 'சேஸ்' இருந்ததா, 'செட்' இருந்ததா, 'இட் இஸ் செட்' இருந்ததா என்பது தமிழில் எழுதிவிட்டால் மறைந்துபோகும். தாளின் பெயர், தேதியோடு பக்க எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ட்ரோவில் படிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: ஓசிஆர் தப்பாகப் படித்த வரிகளை வாசகரே திருத்தலாம். 'செட்' ஒன்று சிதைந்து கிடந்தால் திருத்திவிட்டே போங்கள், அடுத்து தேடுபவருக்கு அது கிடைக்கும்.